பயிர் இனவிருத்தியின் எதிர்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பின் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். இனவிருத்தி பற்றிய பாடம் முடிந்த பின்னரும் கேள்விகள் முடிவதில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் பெற்றோரும் வாசலில் நின்றபடி சில கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுள் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு, வாசலில் நின்று சொல்ல இயலாத அளவு விரிவாக, இங்கே விடை எழுதுகிறேன். நமது பாடநூல்களில் உள்ள ‘பரம்பரையலகு’ என்ற சொல்லையே பயன்படுத்தியிருக்கிறேன்; தமிழக நூல்கள் அதை ‘மரபணு’ என்கின்றன.

பயிர் இனவிருத்தி என்றால் என்ன? நல்ல விதையைத் தெரிந்தெடுப்பது மட்டும்தானா?

தெரிந்தெடுப்பதே அதன் உயிர். ஆனால் தெரிந்தெடுப்பதற்கு முதலில் வேறுபாடு வேண்டும், அந்த வேறுபாட்டைத் திட்டமிட்டு உண்டாக்குவதே இனவிருத்தியாளரின் வேலை. நெற்பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே இரண்டு நெல்லினங்களைக் கலக்க வேண்டுமானால், பூ விரியும் முன்னரே அதன் உமியின் நுனியை வெட்டி, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தக்கேசரங்களையும் சூலகம் சிதையாமல் அகற்றி, கதிரைக் கடதாசி உறையால் மூடி, பின்னர் மற்றைய இனத்தின் மகரந்தத்தை அதன்மேல் உதிர்க்க வேண்டும். இத்தனை பாடுபட்டுக் கிடைப்பவை சில விதைகளே. அவற்றின் முதற் சந்ததி ஒரே மாதிரியாக வளரும். இரண்டாம் சந்ததியில்தான் பெற்றோரின் இயல்புகள் பிரிந்து, ஆயிரக்கணக்கான செடிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நிற்கும். அந்த வயலில் வரிசை வரிசையாக நடந்து ‘இது வேண்டும், இது வேண்டாம்’ என்று முடிவு செய்யும் கண்ணுக்கு ஈடாக ஒரு கருவி இன்னும் வந்ததாக நான் நினைக்கவில்லை.

நமக்கு மிக அருகிலுள்ள உதாரணம் எச்-4. 1950களின் இறுதியில் வெளியாகி நாட்டின் நெல் விளைச்சலை மாற்றிய அந்த இனம், இலங்கையின் முருங்கைக்காயன் 302 என்ற பழைய நெல்லையும் இந்தோனேசியாவிலிருந்து வந்த ‘மாஸ்’ என்ற நெல்லையும் கலந்து பெறப்பட்டது. நாட்டின் முதற் பெரும் கலப்பின வெற்றியின் ஒரு பெற்றோருக்குத் தமிழ்ப் பெயர் இருப்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பி.ஜி. 352, ஏ.ரி. 362 என்று அரிசி மூட்டைகளில் காணப்படும் எழுத்துகளும் எண்களும் எதைக் குறிக்கின்றன?

எழுத்துகள் பிறந்த இடத்தையும் எண்கள் வயதையும் குறிக்கின்றன. பி.ஜி. என்பது குருநாகல் மாவட்டத்தின் பத்தலகொட, ஏ.ரி. என்பது அம்பலாந்தோட்டை, பி.டபிள்யூ. என்பது பொம்புவல, எல்.டி. என்பது லபுதுவ. எண் 250இலிருந்து தொடங்கும் வரிசையில் இருந்தால் இரண்டரை மாதப் பயிர், 300 என்றால் மூன்று மாதம், 350 என்றால் மூன்றரை, 400 என்றால் நான்கு மாதம். 1999இல் வெளியான பி.ஜி. 360 என்பதுதான் கடைகளில் கீரிச் சம்பா என்ற பெயரில் விற்கப்படுவது.

பழைய நெல்லினங்கள் இருக்கையில் புதியவை எதற்கு?

இக்கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனத்தோடு கேட்கிறார்கள். மொட்டைக்கருப்பன் அரிசியில் சமைத்த கஞ்சியின் சுவையை அறிந்த எவரும் அப்படிக் கேட்கத்தான் செய்வார். ஆனால் ‘பழையதா, புதியதா’ என்று இரு பக்கமாகப் பிரித்து நிற்பது இத்துறையின் உண்மையான நிலையோடு பொருந்துவதில்லை. புதிய இனங்களின் உள்ளே இருப்பவை பழைய இனங்களின் பரம்பரையலகுகளே.

கபிலநிறத் தத்தி என்ற சிறு பூச்சி ஆசிய நெல் வயல்களைத் தீப்பட்டதுபோல் கருகச் செய்யக்கூடியது. அதற்கு எதிர்ப்புக் காட்டும் இனங்களைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தேடியபோது கிடைத்த மிகச் சிறந்தவற்றுள் ஒன்று நம் நாட்டின் ரத்து ஹீனட்டி என்ற சிவப்பு நெல். அதிலுள்ள எதிர்ப்புத் திறன் ஒன்றல்ல, அடுத்தடுத்து அமைந்த மூன்று பரம்பரையலகுகளின் கூட்டம் என்பது 2015இல் கண்டறியப்பட்டது. இலங்கையின் ஏதோ ஒரு வயலில், பெயர் பதியப்படாத கமக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்துக் காத்த ஒரு நெல், பல நாடுகளின் வயல்களுக்குக் காவலாக நிற்கிறது.

வெள்ளம் தாங்கும் நெல்லின் கதையும் இத்தகையதே. நெற்பயிர் சில நாட்கள் முழுமையாக நீரில் மூழ்கினால், மூச்சுவிடும் முயற்சியில் தண்டை வேகமாக நீட்டி, சேமித்த மாச்சத்தை எல்லாம் செலவழித்து, நீர் வடிந்ததும் சாய்ந்து அழுகிவிடுகிறது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல் மாறாக நடந்துகொள்கிறது. வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்து, ஏறத்தாழ இரண்டு வாரம் வரை காத்திருந்து, வெள்ளம் வடிந்த பின் மீண்டும் துளிர்க்கிறது. இதற்குக் காரணமான சப்1ஏ என்ற பரம்பரையலகு 2006இல் இனங்காணப்பட்டு, ‘சுவர்ணா’ என்ற பிரபலமான இனத்துக்குள் கொண்டுவரப்பட்டு, 2009இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. வெள்ளத்தில் மூழ்கியும் பிழைப்பவை என்று உலக ஆய்வுகளில் பதிவான மிகச் சில நெல்லினங்களுள் குர்கருப்பன், தவலு, கொட ஹீனட்டி ஆகிய இலங்கை இனங்களும் அடங்கும். 2024 நவம்பரில் அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் வயல்கள் கடலாய்க் கிடந்த படங்களைப் பார்த்தபோது எனக்கு இந்தப் பெயர்கள்தாம் நினைவுக்கு வந்தன.

மூன்றாவது உதாரணம் இன்னும் அழுத்தமானது. மண்ணில் பொசுபரசு குறைவாக இருந்தாலும் வேரைப் பெருக்கி அதைத் தேடிப் பெறச் செய்யும் ஒரு பரம்பரையலகு, ‘கசலத்’ என்ற பழைய நெல்லில் இருப்பது 2012இல் வெளியிடப்பட்டது. நெல்லின் முழுப் பரம்பரையலகுத் தொகுதிக்கும் மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டு 2005இல் முழுமையாக வாசிக்கப்பட்ட ‘நிப்பொன்பாரே’ என்ற ஜப்பானிய இனத்தில் அந்தப் பரம்பரையலகு இல்லவே இல்லை. மாதிரியை மட்டும் வாசித்திருந்தால், இல்லாத ஒன்றைத் தேடியிருக்கவே மாட்டார்கள். பழைய விதைகளைக் காப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே என் விடை இது: பழைய இனங்கள் வயலிலும் இருக்க வேண்டும், கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்தின் குளிர் அறைகளிலும் இருக்க வேண்டும், புதிய கலப்புகளின் பெற்றோராகவும் இருக்க வேண்டும். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுக்குப் பழைய இனங்களை மட்டும் விதைத்துச் சோறு போட முடியும் என்று சொல்வது நேர்மையாகாது. அவற்றுள் பல உயர்ந்து வளர்ந்து சாய்பவை, பசளையிட்டாலும் விளைச்சலை அதிகம் கூட்டாதவை.

ஒரு புதிய இனம் வெளிவர ஏன் பத்து ஆண்டுகள் ஆகின்றன? அதைக் குறைக்க முடியுமா?

கலந்த விதையின் இயல்புகள் நிலைபெற ஆறு, ஏழு சந்ததிகள் வேண்டும். அதன் பின் பல பிரதேசங்களில், பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும், பழைய இனத்துக்குப் பக்கத்தில் விதைத்து ஒப்பிட வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு என்பது வழமையான கணக்கு.

முதற் பகுதியைச் சுருக்க இப்போது வழிகள் உண்டு. ஒன்று, அடையாளக்குறி சார்ந்த தேர்வு: நாற்றின் இலைத்துண்டிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, வேண்டிய பரம்பரையலகு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வந்தவற்றை மட்டும் நடலாம். உவர் தாங்கும் இயல்பைப் பரிசோதிக்க உவர் வயலைத் தேட வேண்டியதில்லை. இன்னொன்று, 2001இல் முன்வைக்கப்பட்ட முழுத்தொகுதித் தேர்வு. விளைச்சல் போன்ற இயல்பை ஒரு பரம்பரையலகு தீர்மானிப்பதில்லை. நூற்றுக்கணக்கானவை சிறிது சிறிதாகப் பங்களிக்கின்றன. டி.என்.ஏ.யில் உள்ள ஆயிரக்கணக்கான அடையாளக்குறிகளின் மொத்தக் கணக்கைக் கொண்டு, வயலுக்குப் போகும் முன்னரே ஒரு செடியின் தகுதியை மதிப்பிடுவது இம்முறை. மாட்டின விருத்தியில் முதலில் வேரூன்றி, பிறகு பயிர்களுக்கு வந்தது.

மூன்றாவது விரைவு இனவிருத்தி. அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாளொன்றுக்கு 22 மணி நேரம் ஒளி கொடுத்து, கோதுமையில் ஆண்டுக்கு ஆறு சந்ததி வரை எடுக்க முடியும் என்று 2018இல் காட்டினார்கள். நெல் குறுகிய பகற்பொழுதில் பூக்கும் பயிர் என்பதால் அதே ஒளி முறை அதற்குப் பொருந்தாது. நெல்லுக்கு வேறு முறை வகுக்க வேண்டியுள்ளது.

இரண்டாம் பகுதி, அதாவது வயற் பரிசோதனை, சுருங்காது. சுருக்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஒரு வறட்சி ஆண்டையும் ஒரு நோய் ஆண்டையும் காணாத இனத்தைக் கமக்காரரிடம் கொடுப்பது அவருடைய நிலத்தில் பரிசோதனை நடத்துவதாகும்.

கிறிஸ்பர் என்றால் என்ன? பரம்பரையலகு மாற்றப்பட்ட பயிரும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. பரம்பரையலகு மாற்றப்பட்ட பயிரில் பொதுவாக வேறோர் உயிரினத்தின் பரம்பரையலகு புகுத்தப்பட்டிருக்கும். வங்காளதேசம் 2013இல் அனுமதித்த கத்தரியில், காய்த் துளைப்பானைக் கொல்லும் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு மண் பற்றீரியா ஒன்றிலிருந்து வந்தது. அதே வகைக் கத்தரியை இந்தியா 2010இல் நிறுத்திவைத்தது.

கிறிஸ்பர், டி.என்.ஏ.யில் குறித்த இடத்தில் வெட்டும் ஒரு நொதிக்கு வழிகாட்டும் முறை. வெட்டிய இடத்தைக் கலம் தானே ஒட்டவைக்கும்போது டி.என்.ஏ. வரிசையின் ஓரிரு எழுத்துகள் விடுபடலாம். அதனால் ஒரு பரம்பரையலகு செயலிழக்கும் அல்லது மாறும். இத்தகைய மாற்றம் இயற்கையான விகாரத்திலும், அதாவது டி.என்.ஏ.யில் தானாக நேரும் மாற்றத்திலும், நிகழ்வதுதான். எங்கே நிகழ வேண்டும் என்பதை நாம் தீர்மானிப்பதே வித்தியாசம். வேலை முடிந்ததும் வெட்டும் கருவியின் பரம்பரையலகை அடுத்த சந்ததிகளில் பிரித்து நீக்கிவிடலாம். 2012இல் இதை விளக்கிய ஜெனிபர் டவுட்னாவுக்கும் இமானுவெல் சார்பென்றியேவுக்கும் 2020இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஜப்பானில் 2021 முதல் இம்முறையில் பெறப்பட்ட தக்காளி விற்பனையாகிறது. இந்தியா 2025 மே மாதத்தில் இரண்டு நெல்லினங்களை அறிவித்தது. அவற்றுள் ‘கமலா’ என்பது சம்பா மசூரியில் கதிரின் மணி எண்ணிக்கையோடு தொடர்புடைய ஒரு பரம்பரையலகைத் திருத்திப் பெற்றது.

அது பாதுகாப்பானதா? நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

எண்ணாத இடத்திலும் வெட்டு விழ வாய்ப்பு உண்டு, ஆனால் டி.என்.ஏ.யை முழுதாக வாசித்துப் பார்த்து அப்படிப்பட்ட செடிகளை ஒதுக்க முடியும். கதிர்வீச்சால் விகாரத்தை உண்டாக்கும் பழைய முறையில், எத்தனை இடம் மாறியது என்று அக்காலத்தில் எவரும் பார்த்ததில்லை. அப்படிப் பெறப்பட்ட பயிர்களை உலகம் பல பத்தாண்டுகளாக உண்டு வருகிறது. ஆகவே முறையைப் பார்த்து அஞ்சுவதைவிட, ஒவ்வொரு பயிரிலும் என்ன மாறியது, அதனால் உணவில் என்ன மாறியது என்று தனித்தனியாக ஆராய்ந்து, அந்தத் தரவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பதே சரியான வழி என்று நான் கருதுகிறேன்.

இலங்கையில் பரம்பரையலகு மாற்றப்பட்ட பயிர் எதுவும் வணிக ரீதியாகப் பயிரிடப்படுவதில்லை. அத்தகைய உணவுகளின் இறக்குமதி, விற்பனை, சுட்டுத்துண்டு ஆகியன பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் ஆக்கப்பட்டன. அவை புகுத்தப்பட்ட பரம்பரையலகுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கிறிஸ்பர் போன்ற முறைகளால் திருத்தப்பட்ட பயிர்களின் காலம் அப்போது வந்திருக்கவில்லை. இந்தியா 2022இல், அந்நிய டி.என்.ஏ. இல்லாத திருத்தங்களுக்குக் கடும் விதிகளிலிருந்து விலக்களித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2018இல் அவையும் பழைய சட்டத்துக்குள் அடங்கும் என்றது, பின்னர் அங்கேயும் அதைத் தளர்த்தும் முயற்சி தொடங்கியது. நாம் அரிசியும் பருப்பும் இறக்குமதி செய்யும் நாடு. பக்கத்து நாட்டின் வயலில் விளைவது நம் துறைமுகத்துக்கு வரும் முன் நம் சட்டம் பேச வேண்டும்.

யாழ்ப்பாணம், மன்னார் போன்ற உவர் நிலங்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. 1992இல் வெளியான ஏ.ரி. 354, கேரளத்தின் பொக்காளி நெல்லை ஒரு பெற்றோராகக் கொண்டு உவரைத் தாங்குமாறு உருவாக்கப்பட்டது. பொக்காளியின் உவர் தாங்கும் பகுதி நெல்லின் முதலாம் நிறமூர்த்தத்தில் (பரம்பரையலகுகளைத் தாங்கும் இழையில்) இருப்பதும் அறியப்பட்டுள்ளது. ஆனால் நாற்றுப் பருவத்தில் உவரைத் தாங்கும் பயிர் பூக்கும் பருவத்திலும் தாங்கும் என்பதில்லை. இரண்டும் வெவ்வேறு பரம்பரையலகுகளின் வேலை. இரண்டையும் ஒரே செடியில் சேர்ப்பதுதான் அடுத்த கட்டம்.

தேங்காய் விலை இப்படி ஏறியிருக்கிறதே, இனவிருத்தியால் தீர்வு வருமா?

2025இன் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டியபோது இக்கேள்வி வாசலுக்கு வராத நாளே இல்லை. விடை ஆறுதலானது அல்ல. நெட்டைத் தென்னை பூக்கவே ஆறேழு ஆண்டுகள். அதன் விளைச்சலை நம்பகமாக அளக்க மேலும் பல ஆண்டுகள். அயல் மகரந்தத்தை ஏற்பதால் ஒரு மரத்தின் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. வாழையைப் போல இழைய வளர்ப்பில், அதாவது சிறு துண்டிலிருந்து ஆய்வுகூடத்தில் கன்றுகளை வளர்த்து, இலட்சக்கணக்கில் பெருக்குவதும் தென்னையில் எளிதாகக் கைகூடவில்லை. லுணுவிலத் தென்னை ஆராய்ச்சி நிறுவனம் குட்டையையும் நெட்டையையும் கலந்த இனங்களைத் தந்திருக்கிறது. இன்று நடும் கன்று நாளைய விலையைக் குறைக்காது.

நோயைப் பொறுத்தவரை நம்பிக்கை அதிகம். 2006இல் வெலிகமையில் கண்டறியப்பட்ட இலை வாடல் நோய் தென் மாவட்டங்களில் மரங்களை வெட்டி அகற்றச் செய்தது. நோய் கடுமையான தோப்பிலும் பசுமையாக நிற்கும் மரங்களைத் தேடி, அவற்றைப் பெற்றோராக்குவதே வழி. கேரளத்தின் வேர் வாடல் நோய்ப் பகுதியில் இதே வழியில் ‘கல்பஸ்ரீ’ போன்ற இனங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன.

2021இன் பசளைத் தடையிலிருந்து இனவிருத்தி கற்க வேண்டியது என்ன?

அந்த ஆண்டு ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே முடிவில் நிறுத்தப்பட்டது. அடுத்த பெரும்போகத்தின் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. இன்றைய குட்டை நெல்லினங்கள் பசளை தாராளமாகக் கிடைக்கும் நிலத்தில் தெரிந்தெடுக்கப்பட்டவை. குறைந்த பசளையில் நல்ல விளைச்சல் தரும் செடி வேண்டுமானால், தெரிந்தெடுக்கும் வயலிலேயே பசளையைக் குறைக்க வேண்டும். அங்கே முந்தி நிற்பது வேறு செடியாக இருக்கும். விதையை மாற்றாமல் பசளையை மட்டும் மாற்றியதன் விலையைக் கமக்காரர் கொடுத்தார்.

கலப்பின விதையை ஏன் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டியிருக்கிறது? இது மாறுமா?

கலப்பினத்தின் வீரியம் முதற் சந்ததியோடு நிற்பது. அதிலிருந்து விதை எடுத்து விதைத்தால் இயல்புகள் பிரிந்து, பயிர் ஒழுங்கற்று வரும். மிளகாயிலும் மரக்கறியிலும் கமக்காரரின் செலவில் விதைச் செலவு பெரும் பங்காக இருப்பதற்கு இது ஒரு காரணம். பி.ஜி. இனங்கள் கலப்பில் பிறந்தாலும், பல சந்ததிகளில் இயல்புகள் நிலைபெற்றுத் தூய வழியில் வந்தவை. அவற்றின் விதையை எடுத்து வைக்கலாம்.

2019இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் நெல்லைக் கருக்கட்டலின்றித் தன்னைப்போன்ற விதையையே தரும்படி செய்து காட்டின. தொடக்கத்தில் மிகச் சில விதைகளே அப்படி அமைந்தன. பின்வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அப்படி அமைந்துள்ளன. கமக்காரர் தன் கலப்பின விதையைத் தானே சேமிக்கும் நாள் வரலாம். ஆனால் இம்முறைகளுக்குக் காப்புரிமை கேட்போரும் உண்டு. நுட்பம் யார் கையில் இருக்கும் என்பதைப் பொறுத்தே பலன் அமையும்; அரச ஆய்வு நிலையங்கள் வலுவாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே. நெல்லுக்கு இந்நாட்டில் கிடைத்த வெற்றி முழுவதும் பொதுப்பணத்தில் நடந்த வேலை.

ஒருமுறை நட்டால் பல ஆண்டு விளையும் நெல் உண்மையா?

உண்மை. ஆபிரிக்கக் காட்டு நெல் ஒன்றோடு கலந்து யுன்னானில் உருவாக்கிய நெல், ஒருமுறை நட்டு நான்கு ஆண்டில் எட்டு அறுவடை தந்ததாக 2022இல் வெளியிட்டார்கள். இலங்கையில் இருபோகத்துக்கும் இடையே நிலம் காயும் இடங்களில் அது பிழைக்குமா என்பதைப் பயிரிட்டுத்தான் அறிய வேண்டும்.

வயல் இல்லாத கொழும்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

கறுவாத்தோட்டம் என்ற பெயரே விடை. காட்டில் மட்டும் உரித்த கறுவாவை ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் இங்கே தோட்டப் பயிராக்கினர். கொம்பனித்தெருவில் 1810இல் அமைந்த தாவரத் தோட்டம்தான் களுத்துறை வழியாக 1821இல் பேராதனைக்குச் சென்றது.

என் பிள்ளை இத்துறைக்கு வரலாமா?

வரலாம். பேராதனை, கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் விவசாயம் கற்கலாம்; கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாவர விஞ்ஞானம் உண்டு. புள்ளிவிபரவியலும் கணினி நிரலாக்கமும் இன்று உயிரியலுக்கு இணையாகத் தேவை. 89 நாடுகளின் 3,000 நெல்லினங்களின் டி.என்.ஏ. வரிசைகள் 2014 முதல் எவரும் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றன. வெள்ளவத்தையில் இருந்தபடியே அவற்றை ஆராயலாம். ஆயினும் கலப்பு நடப்பது வயலில். நெற்பூ முற்பகலில் சற்று நேரமே விரிந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் மகரந்தம் உதிர்ந்துவிடும். அந்த நேரத்தில் குனிந்து நிற்க விருப்பம் உண்டா என்று பிள்ளையிடம் முதலில் கேளுங்கள்.